கதவு, ஜன்னல், தண்ணியில்லாக் காடு: ஃபிரான்ஸ் டெலிகாம் வழக்கு

"தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிச்சிருவேன்." நம்மூர் அரசு அலுவலகங்களில் இந்த மிரட்டலை ஒருமுறையாவது கேட்காமல் ஓய்வு பெற்றவர்கள் குறைவு. அந்தக் காடு ஒரு காலத்தில் பெரும்பாலும் ராமநாதபுரம்; பாவம் அந்த ஊர் என்ன செய்தது என்று யாரும் கேட்டதில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் உள்ளர்த்தம் தெரியும். உன்னை வேலையை விட்டு நீக்க எனக்கு அதிகாரம் கிடையாது, ஆனால் நீயாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி என்னால் செய்ய முடியும்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கும் நிறுவனம் ஒன்று இதையே மூன்றாண்டுத் திட்டமாக வகுத்தது. திட்டத்துக்குப் பெயர் வைத்தது, இலக்கு எண் குறித்தது, ஸ்லைடு போட்டு மேலாளர்களுக்கு வகுப்பெடுத்தது. இலக்கை எட்டுவதற்கும் மேலாளர்களின் ஊக்கத்தொகைக்கும் முடிச்சுப் போட்டது. நடந்தது பிரான்ஸில், நிறுவனம் ஃபிரான்ஸ் டெலிகாம். இப்போது அதன் பெயர் ஆரஞ்ச்.

வேலையிடக் கொடுமை என்றதும் நமக்கு ஒரு முகம்தான் ஞாபகம் வருகிறது. கத்துகிறவர், ஃபைலை விட்டெறிகிறவர், பத்துப் பேர் முன்னால் "உனக்கெல்லாம் யாருய்யா வேலை கொடுத்தது?" என்று கேட்கிறவர். அப்படி ஓர் ஆள் கண்ணில் படாவிட்டால் "நம்ம ஆபீஸ் பரவாயில்லப்பா" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த வழக்கில் தண்டனை பெற்ற தலைமை அதிகாரிகள் யாரும் ஃபைலை விட்டெறிந்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. பாதிக்கப்பட்டவர்களில் பலரை அவர்கள் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. நான் இந்த வழக்கைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணமே அதுதான்.

நீக்க முடியாத ஊழியர்கள்

கம்பெனியின் பூர்வீகம் தபால், தந்தி, தொலைபேசி இலாகா. நம்ம பி.எஸ்.என்.எல்.லுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1991-இல் தனியமைப்பாகப் பிரிந்தது. 1996-இல் சட்டம் போட்டுப் பங்கு நிறுவனமாக்கினார்கள், 1997-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2000-இல் பிரிட்டனின் ஆரஞ்ச் செல்பேசி நிறுவனத்தைப் பெரும் விலை கொடுத்து வாங்கியது. 2002 வாக்கில் கடன் ஏறத்தாழ 7,000 கோடி யூரோவைத் தொட்டது. 2004-இல் அரசின் பங்கு பாதிக்கும் கீழே போனது.

கம்பெனி தனியார்மயமானது, ஆட்கள் ஆகவில்லை. ஊழியர்களில் பெரும்பாலோர் பழைய இலாகாவில் பரீட்சை எழுதி வேலைக்கு வந்த அரசு ஊழியர்கள். அவர்களுடைய அரசு ஊழியர் தகுதியைச் சட்டம் அப்படியே காப்பாற்றி வைத்திருந்தது. ஆட்குறைப்பு என்று சொல்லி அவர்களை வெளியே அனுப்ப வழியில்லை.

2005-இல் திதியே லொம்பார் தலைவரானார். அதே ஆண்டு ஜூனில் 'நெக்ஸ்ட்' என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. 2006 முதல் 2008 வரை மூன்றாண்டு. அதன் மனிதவளப் பகுதிக்கு 'ஆக்ட்' என்று பெயர். ஏறத்தாழ 1,20,000 பேரில் 22,000 பேர் வெளியேற வேண்டும், 10,000 பேர் வேறு வேலைக்கோ வேறு ஊருக்கோ மாற வேண்டும். வெளியேறுகிறவர்கள் எல்லாரும் 'சுயவிருப்பத்தில்' போகிறார்கள் என்பது ஏட்டுக் கணக்கு.

எத்தனை பேருக்கு விருப்பம் வரும் என்பதை முன்கூட்டியே 22,000 என்று எப்படி எழுத முடியும்? விசாரணை முழுக்கச் சுற்றிவந்தது இந்தக் கேள்வியைத்தான்.

நம் பி.எஸ்.என்.எல். 2019 கடைசியில் விருப்ப ஓய்வு அறிவித்தபோது 78,000-க்கும் மேற்பட்டோர் எழுதிக் கொடுத்து, 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் சம்பளமே தள்ளித் தள்ளித்தான் வந்தது, ஆகவே 'விருப்பம்' எவ்வளவு விருப்பம் என்று அங்கேயும் கேட்கலாம். ஆனாலும் தொகை இவ்வளவு, தேதி இது என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். பிரான்ஸில் மேசைமேல் அப்படி ஒரு தாள் வைக்கப்படவில்லை.

2006 அக்டோபர் 20 அன்று பாரிஸில் மூத்த அதிகாரிகளின் சங்கக் கூட்டத்தில் லொம்பார் பேசினார். தாய்க்கோழி மாதிரி அடைகாக்கும் பழக்கத்தை விட வேண்டும் என்றார். பிறகு: "2007-இல் ஆட்களை எப்படியாவது வெளியேற்றுவேன், கதவு வழியாகவோ ஜன்னல் வழியாகவோ." பேசியதற்கு எழுத்துப் பதிவு இருந்தது. பதின்மூன்று ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் அந்தத் தாள்தான் அவர் எதிரே நின்றது.

ஸ்லைடில் இருந்த வளைகோடு

ஊழியரை நீக்காமல் எப்படிப் போகவைப்பது? விசாரணை ஆவணங்களில் முறைகள் வரிசையாக வருகின்றன. ஓயாத மறுசீரமைப்பு. ஊர் மாற்றம், வேலை மாற்றம். வெளியே இன்னின்ன வேலை காலியிருக்கிறது, பார்க்கிறீர்களா என்று திரும்பத் திரும்ப மின்னஞ்சல். ஒருவருக்குத் தலைக்குமேல் வேலை, அடுத்தவருக்கு வேலையே கிடையாது. தகுதிக்குக் கீழான பணி. பயிற்சி இல்லாமல் புது நாற்காலி. அளவு மீறிய கண்காணிப்பு, தனிமைப்படுத்தல், சம்பளக் குறைப்பு, மனிதவளப் பிரிவிடம் போய் நின்றால் கைவிரிப்பு. அதிகாரிகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை இடம் மாறியே ஆக வேண்டும் என்றொரு வழக்கமும் இருந்தது.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள், எதுவும் அக்கிரமமாகத் தெரியாது. இடமாற்றம் எந்தக் கம்பெனியில் இல்லை? மறுசீரமைப்பு செய்யாத கம்பெனி உண்டா? "இதுக்கெல்லாமா கம்ப்ளெய்ன்ட் பண்ணுவே" என்று வீட்டிலேயே கேட்பார்கள். நிறுவனத்துக்குப் பெரிய பாதுகாப்பாக இருந்ததும் அந்தச் சாதாரணத் தோற்றம்தான்.

கம்பத்தில் ஏறிக் கம்பி இணைத்த டெக்னீஷியனை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது, முப்பது வருட சர்வீஸ். எந்தத் தெருவில் எந்த இணைப்பு எப்போது பழுதாகும் என்று கைக்குத் தெரியும். அவரை ஒருநாள் கால் சென்டரில் உட்கார்த்தி ஹெட்செட்டை மாட்டுகிறார்கள். எதிரே திரையில் பேச வேண்டிய வாசகம், பக்கத்தில் ஓடும் நொடி. பழுதைச் சொல்ல அழைக்கிற வாடிக்கையாளரிடம் புது பேக்கேஜ் விற்க வேண்டும். பழுது என்ன என்று அவருக்குக் கேட்டவுடனே புரிகிறது, ஆனால் அதைச் சரிசெய்வது இப்போது அவர் வேலை கிடையாது. சம்பளம் வருகிறது, யாரும் திட்டவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஏ.சி. அறையில் உட்கார்ந்த வேலை.

வழக்கில் வந்த ஆவணங்களில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது ஒரு வரைபடம். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல், சாகப்போகும் நோயாளிகளிடம் பேசி, மனிதர் மரணச் செய்தியை ஏற்கும் நிலைகளை எழுதினார். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. ஃபிரான்ஸ் டெலிகாம் மேலாளர் பயிற்சியில் இந்த வளைகோட்டைத் திரையில் காட்டினார்கள். மாற்றத்தை அறிவித்ததும் ஊழியர் மறுப்பார், எதிர்ப்பார், பிறகு கோடு கீழே இறங்கும், சோர்ந்து போவார், அப்புறம் மெல்ல ஏறும், ஏற்றுக்கொள்வார். நீங்கள் பதற வேண்டாம்.

ஊழியர் மனம் உடையப் போகிறது என்பது கம்பெனிக்குத் தெரியும். தெரிந்ததைக் கோடாக வரைந்து, இது வழக்கமானதுதான் என்று மேலாளருக்குக் கற்றும் கொடுத்திருக்கிறார்கள். தன் குழுவில் ஒருவர் சாப்பிடாமல், பேசாமல், கண் கலங்கி உட்கார்ந்திருந்தால் அந்த மேலாளர் என்ன நினைப்பார்? 'சரி, கோட்டின் அடிப்பகுதிக்கு வந்துவிட்டார்.'

அந்த மேலாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 4,000 பேருக்கு இந்தப் பயிற்சி. கீழே இருக்கிறவர்களை 'நகர்த்த' வேண்டும், எண்ணிக்கை குறைந்தால்தான் ஊக்கத்தொகையில் அந்தப் பகுதி கைக்கு வரும். அவர்களுக்கும் மூன்றாண்டில் இடமாற்றம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இவர்களை வில்லன்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நிலவரத்தை முதலில் வெளியே கொண்டுவந்ததில் மேலாளர்களின் சங்கத்துக்கும் பங்கு உண்டு.

எண்ண ஆரம்பித்தவர்கள்

2007-இல் இரண்டு சங்கங்கள் சேர்ந்தன. ஒன்று இடதுசாரி சாய்வுள்ள 'சுட்', இன்னொன்று அதிகாரிகள், மேலாளர்களின் சங்கமான 'செஎஃப்இ-செஜெசெ'. சாதாரணமாக ஒரே மேசையில் உட்காராதவர்கள். இவர்கள் சேர்ந்து 'மன அழுத்தம், கட்டாய இடமாற்றம் ஆகியவற்றுக்கான கண்காணிப்பகம்' ஒன்றைத் தொடங்கினார்கள். சமூகவியலாளர்களையும் மருத்துவர்களையும் துணைக்கு அழைத்தார்கள். வேலைநிறுத்தம் அறிவிக்கவில்லை, கோஷம் போடவில்லை. கேள்வித்தாள் அனுப்பினார்கள்: உங்கள் வேலை எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, எத்தனை முறை மாற்றினார்கள்?

அலுவலகக் கணினியிலிருந்து அந்தத் தளத்தைத் திறக்க முடியாதபடி நிர்வாகம் தடுத்தது. கேள்வித்தாளில் விஷயம் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அப்படியும் 3,000-க்கு மேற்பட்டோர் வீட்டிலிருந்தும் வெளியிலிருந்தும் பதில் எழுதினார்கள்.

அதுவரை ஒவ்வொருவருக்கும் அது சொந்தப் பிரச்சினை. 'எனக்கு வயசாகிவிட்டது', 'எனக்குத்தான் புது சாஃப்ட்வேர் பிடிபடவில்லை', 'எனக்கும் அந்த மேனேஜருக்கும் ராசியில்லை.' பதில்களை ஒன்றாக அடுக்கியதும் ஒரே கதை வேறு வேறு ஊர்ப் பெயரோடு திரும்ப வருவது தெரிந்தது. கொடுமையை அடையாளம் காண எனக்குத் தெரிந்த நம்பகமான வழி இதுதான். உங்கள் மேலாளர் கெட்டவரா நல்லவரா என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டு, போன ஆறு மாதத்தில் யார் யாரை மாற்றினார்கள், அவர்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பிரான்ஸில் நிறுவன ஊழியர்களுக்கென 'பணி மருத்துவர்' இருப்பார். சிகிச்சைக்காக அல்ல, வேலை உடம்பையும் மனத்தையும் கெடுக்கிறதா என்று பார்க்க. இந்த மருத்துவர்கள் எச்சரிக்கை எழுதிக்கொண்டே இருந்தார்கள். பலன் இல்லாமல் சிலர் ராஜினாமா செய்தார்கள். அவர்கள் விட்டுப்போன குறிப்புகள் பிறகு சாட்சியமாயின.

2008-லும் 2009-லும் ஊழியர்கள் உயிரை மாய்த்துக்கொள்ளும் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. இரண்டாண்டில் 35 பேர் என்று சங்கங்கள் கணக்குச் சொல்லின. 2009 ஜூலையில் மார்செய் நகரில் 51 வயது ஊழியர் ஒருவர் விட்டுச்சென்ற கடிதம் நாட்டையே உலுக்கியது. காரணம் வேலைதான், வேறொன்றும் இல்லை என்று அதில் எழுதியிருந்தார். ஓயாத அவசரம், தாங்க முடியாத வேலைச்சுமை, பயிற்சி இல்லாமை, நிறுவனம் முழுக்கக் குழப்பம், 'பயமுறுத்தி நடத்தும் நிர்வாகம்' என்று காரணங்களை வரிசைப்படுத்தியிருந்தார். தன் சாவுக்கு வேறு விளக்கம் கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்து, அதற்கு இடம் வைக்காமல் எழுதியது போல இருக்கிறது அது.

வேறு விளக்கம் வரத்தான் செய்தது. தனிப்பட்ட பலவீனம், குடும்பப் பிரச்சினை. அந்த செப்டம்பரில் லொம்பார் செய்தியாளர்களிடம் பேசும்போது இந்தத் 'தற்கொலை ஃபேஷனுக்கு' முற்றுப்புள்ளி வைக்க வேண்டும் என்றார். மறுநாள் வருத்தம் தெரிவித்தார்.

(இதைப் படிக்கும் யாருக்காவது அப்படி ஓர் எண்ணம் வந்து போகிறதென்றால், கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு 14416 அல்லது 104 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். வேலையைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.)

அப்போது ஒரு புள்ளிவிவர வாதமும் கிளம்பியது. ஒரு லட்சம் பேர் இருக்கும் இடத்தில் இத்தனை சாவு, பிரான்ஸின் பொது விகிதத்தைவிட அதிகமில்லை என்று. கணக்கு தப்பில்லாமல் இருக்கலாம். ஆனால் 'எத்தனை பேர் செத்தார்கள்' என்பதை மட்டுமே அளவுகோலாக்கினால், சாகாமல் ஐந்தாண்டு மாத்திரை சாப்பிட்டவர், பாதிச் சம்பளத்தில் ஒதுங்கிக்கொண்டவர், பிள்ளைகளிடம் எரிந்து விழுந்து குடும்பத்தைக் குலைத்துக்கொண்டவர் எல்லாம் கணக்கிலேயே வர மாட்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில் வெளி ஆய்வு நிறுவனம் ஒன்று அனுப்பிய கேள்வித்தாளுக்கு 1,02,000 பேரில் 80,000-க்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். அலுவலகக் கேள்வித்தாள் வந்தால் நாம் என்ன செய்வோம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, பத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

'பிறர்' என்ற சொல்

2009 டிசம்பரில் சுட் சங்கம் புகார் கொடுத்தது. 2010 பிப்ரவரியில் தொழிலாளர் ஆய்வாளர் சில்வி கத்தலா பாரிஸ் அரசு வழக்கறிஞருக்கு அறிக்கை அனுப்பினார். கீழ்நிலை மேலாளர்களோடு நிற்காமல், திட்டத்தை வகுத்தவர்கள்வரை போன அறிக்கை அது. அப்புறம் வழக்கமான ஆமை நடை. 2012-இல்தான் லொம்பார் மீது முறைப்படி விசாரணை. 2019 மே 6 அன்று வழக்கு நீதிமன்றத்துக்கு வந்து ஜூலை 11 வரை நடந்தது.

நீதிமன்றம் 39 பேரின் கதையை ஒவ்வொன்றாகப் பார்த்தது. 19 பேர் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள், 12 பேர் முயன்றவர்கள், 8 பேர் கடும் மனச்சோர்வில் விழுந்தவர்கள். ஆனால் குற்றச்சாட்டு கொலையும் இல்லை, மரணம் விளைவித்ததும் இல்லை. 2002 ஜனவரியில் பிரெஞ்சு தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 'மனரீதியான துன்புறுத்தல்' என்ற குற்றம். திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களால் பிறரின் வேலைச் சூழலைச் சீர்கெடுப்பதும், அதனால் அவரது உரிமையோ கண்ணியமோ உடல், மன நலமோ எதிர்காலமோ பாதிக்கப்படக்கூடும் என்பதும் போதும். இன்னாரின் சாவுக்கு இன்னதுதான் காரணம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. மேலே சொன்ன புள்ளிவிவர வாதம் இந்த இடத்தில் பிசுபிசுத்துப் போகிறது.

எதிர்த்தரப்பு வக்கீல்கள் பிடித்துக்கொண்டது 'பிறர்' என்ற சொல்லை. துன்புறுத்தல் என்றால் துன்புறுத்தியவர் ஒருவர், துன்புற்றவர் ஒருவர், இருவருக்கும் இடையே நேரடி உறவு வேண்டாமா? எங்கள் கட்சிக்காரர் இந்த 39 பேரில் யாரையும் அறியார், அவர் கம்பெனிக் கொள்கையைத்தான் வகுத்தார் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை ஒப்புக்கொண்டால் கீழே இருந்து கத்துகிற சூப்பர்வைசர் சிறைக்குப் போவார், மேலே இருந்து அமைதியாக எண்ணைக் குறித்தவர் வீட்டுக்குப் போவார்.

2019 டிசம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது. மூன்றாண்டில் 22,000 பேரை வெளியேற்றும் இலக்கை எட்டத் தேர்ந்தெடுத்த வழிகள் சட்டம் தடுத்தவை என்றது நீதிமன்றம். ஆட்குறைப்பு முடிவைத் தப்பென்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லொம்பார், துணைத் தலைவர் லூயி-பியேர் வெனெஸ், மனிதவளத் தலைவர் ஒலிவியே பார்பெரோ மூவருக்கும் தலா ஓராண்டு சிறை, அதில் எட்டு மாதம் நிறுத்திவைப்பு, 15,000 யூரோ அபராதம். வேறு நால்வர் உடந்தை. கம்பெனிக்கு 75,000 யூரோ அபராதம். அப்போதைய சட்டத்தில் அதுதான் உச்சம். ஆண்டு வருமானம் 4,000 கோடி யூரோவைத் தாண்டும் கம்பெனிக்கு 75,000 என்பது டீச்செலவு. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு இதற்கு வெளியே, அது பெரிய தொகை. கம்பெனி மேல்முறையீடு செய்யவில்லை.

2022 செப்டம்பர் 30 அன்று மேல்முறையீட்டில் லொம்பார், வெனெஸ் இருவரின் சிறைத் தண்டனையும் முழுதாக நிறுத்திவைக்கப்பட்டது. இருவரும் குற்றவாளிகள் என்ற முடிவு மாறவில்லை. 2025 ஜனவரி 21 அன்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 'பிறர்' என்ற சொல் பெயர் குறித்த ஒருவரை மட்டும் சுட்டுவதல்ல, ஊழியர் கூட்டத்தையும் அது குறிக்கலாம் என்றது. வேலைச் சூழலைக் கெடுக்கும் என்று தெரிந்தே வகுத்து நடத்தும் நிறுவனக் கொள்கையும் துன்புறுத்தல்தான். அன்று லொம்பாருக்கு வயது 82. அவரும் வெனெஸும் சிறைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

நீதி கிடைத்ததா என்றால் எனக்குத் தயக்கம்தான். முதல் கூட்டத்திலிருந்து கடைசித் தீர்ப்புவரை பதினெட்டு வருடம். இதற்காகக் காத்திருந்து யாரும் தன் வாழ்க்கையைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. உண்மையில் வேலை செய்தது 2007-இன் கேள்வித்தாளும், அந்த மருத்துவர்களின் குறிப்பும், 2009 இலையுதிர் காலத்தில் கட்டாய இடமாற்றத்தை நிறுத்திவைக்கும்படி வந்த நெருக்கடியும்தான்.

ஓ.எம்.ஆர். பக்கம்

போன வருடம் என் சித்தி மகள் இரவு பதினொன்றரைக்குக் கூப்பிட்டாள். சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையில் மென்பொருள் வேலை, எட்டு வருட சர்வீஸ். பெரிய விபத்து மாதிரி எதுவும் சொல்லவில்லை. பிராஜெக்ட்டிலிருந்து எடுத்து, வேலை எதுவும் ஒதுக்காமல் 'பெஞ்சில்' போட்டிருக்கிறார்கள். அப்புறம் 'பிப்' என்று, வேலைத் திறனைத் திருத்திக் காட்ட அறுபது நாள் கெடு. அதற்குள் ஷிஃப்ட் மூன்று முறை மாறிவிட்டது. இப்போது ஒரு வாரத்தில் நொய்டாவுக்குப் போகச் சொல்கிறார்கள். பிள்ளை ஒன்றாம் வகுப்பு.

"மேனேஜர் ரொம்ப டீசன்ட்டுண்ணா. ஒரு வார்த்தை கடுமையா பேசினதில்ல. நான்தான் சரியில்லையோன்னு தோணுது."

இந்தக் கடைசி வாக்கியத்தை வேறு நிறுவனங்களில் இருக்கும் மூன்று நான்கு பேரிடம் அப்படியே கேட்டிருக்கிறேன். மார்செய்யிலும் அதைத்தான் பிரெஞ்சில் சொல்லியிருப்பார்கள். ஒரு நோட்டு வாங்கிக்கொள் என்றேன். அலுவலக லேப்டாப்பில் வேண்டாம், கையால் எழுது. தேதி, நேரம், யார் சொன்னார், என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார். யாரைப் பற்றியும் கருத்து எழுதாதே, நடந்ததை மட்டும் எழுது. தூக்கம் வராததையும் தலைவலியையும் டாக்டரிடம் போய்ச் சொல், சீட்டை எடுத்து வை. உன்னோடு மாற்றல் வந்தவர்கள் யாரென்று பார்.

மூன்று வாரத்தில் பார்த்தாள். மாற்றல் வந்த நான்கு பேரில் மூன்று பேர் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியவர்கள்.

நம் நாட்டில் 'மனரீதியான துன்புறுத்தல்' என்று தனிக் குற்றம் கிடையாது. பாலியல் துன்புறுத்தலுக்கு 2013 சட்டம் இருக்கிறது, அதன்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். மற்றபடி தண்டனைச் சட்டம் பெரும்பாலும் தற்கொலைக்குத் தூண்டியதாகத்தான் உள்ளே வருகிறது. அதாவது ஆள் போன பிறகு. ஆனால் தண்ணியில்லாக் காட்டுக்கு நம்மிடமும் ஒரு வரி உண்டு. 1947 தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, 'நிர்வாகக் கொள்கை' என்ற போர்வையில் கெட்ட எண்ணத்தோடு செய்யும் இடமாற்றத்தை நேர்மையற்ற தொழில் நடவடிக்கை என்றது. அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் உறவுகள் தொகுப்பிலும் அந்த வரி இருக்கிறது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. இந்த வரியைப் பிடித்து வழக்கு ஜெயிப்பது சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்ட எண்ணத்தை நிரூபிக்கும் பாரம் ஊழியர் தலையில்தான். இருந்தாலும் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று தெரிந்து பேசுகிறவருக்கும் தெரியாமல் பேசுகிறவருக்கும் குரலில் வித்தியாசம் இருக்கும்.

அவளை ஒருநாள் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். செல்போனை வெளியே வைக்கச் சொன்னார்கள். உள்ளே இரண்டு பேர், மேசைமேல் ஒரு தாள். இன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் ரிலீவிங் லெட்டர் கிளீனாக வரும், இரண்டு மாதச் சம்பளம் சேர்த்துத் தருவோம். இல்லையென்றால் பெர்ஃபார்மன்ஸ் என்று போட வேண்டியிருக்கும், அடுத்த கம்பெனியில் கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டிவரும். குரல் உயரவில்லை, தண்ணீர் பாட்டில்கூட வைத்திருந்தார்களாம்.

"சரிங்க, யோசிக்கிறேன். நீங்க சொன்னதை அப்படியே ஒரு மெயிலா அனுப்பிடுங்க, வீட்ல காட்டிட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். வெளியே வந்து போனை எடுத்து நேரம் பார்த்து நோட்டில் எழுதினாள்: 4.10 முதல் 4.45 வரை.

சாயங்காலமே தன் பக்கத்திலிருந்து ஒரு மெயில் போட்டாள், மூன்றே வரி: இன்றைய சந்திப்பில் ராஜினாமா செய்யும்படி சொன்னீர்கள், நிபந்தனைகளை எழுத்தில் அனுப்புவதாகச் சொன்னீர்கள், காத்திருக்கிறேன். நொய்டாப் பேச்சு அதோடு நின்றது. வேலையும் கொடுக்கவில்லை. நான்கு மாதம் பெஞ்சிலேயே உட்கார்ந்து, வேறு இடம் பார்த்துக்கொண்டு, நோட்டீஸ் காலச் சம்பளம் முழுதாக வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அவர்கள் அனுப்ப வேண்டிய மெயில் கடைசிவரை வரவில்லை.